விஜாகிரி

கதவு விழுந்தது ஞாயிற்றுக்கிழமை.
திறந்தேன், அவ்வளவுதான்.
கையை விட்டு நழுவித் தரையில் முட்டியது.
உள்ளே கரண்டிகள் எல்லாம் சேர்ந்து
ஒரே சத்தமாகப் போட்டன.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
மணவாளக்குறிச்சியா, அது எங்கே என்றாள் ஒரு பெண்.
குளச்சலுக்குக் கிழக்கே.
குளச்சல் எங்கே?
நாகர்கோவிலில் ஆள் இல்லை மேடம்,
திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும், பதினோரு நாள் ஆகும்.

பன்னிரண்டு வருஷம் பாத்திரம் கழுவிய கை
எட்டு மாதத்தில் மறந்திருந்தது.
புதன்கிழமை லீவு போட்டேன்.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை அடைத்து
மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தேன்.
பின்னால் கொஞ்சம் கறுப்பு மணல்
(இந்த ஊரில் அது எங்கேயும் வரும்),
மூத்தவன் பள்ளியில் களவு போனதாகச் சொன்ன பேனா.

பக்கத் தகட்டின் திருகாணிகளுக்கு நட்சத்திரத் தலை.
என்னிடம் இருந்தது பிளஸ், மைனஸ்.
மைனஸைக் கோணலாகக் குத்தி மூன்றைக் கழற்றினேன்.
நாலாவதை உப்புக்காற்று தின்றிருந்தது.
தகட்டையே வளைத்தேன்.

உள்ளே ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிது.
பக்கத்துக்கு ஒரு சுருள்வில்,
வில்லிலிருந்து ஒரு கயிறு,
கயிறு சின்னச் சக்கரம் ஒன்றைச் சுற்றி
விஜாகிரியில் போய்க் கொளுவுகிறது.
வலப்பக்கத்துக் கயிறு அறுந்து கிடந்தது.
இடப்பக்கம் ஒற்றையாக இழுத்து இழுத்து
விஜாகிரியே சாய்ந்திருந்தது.

வில்லை இழுத்தால் கதவு விழுகிறது.
கதவைத் தாங்கினால் வில் எட்டவில்லை.
மூன்றாம் தடவை வில் துள்ளி
பெருவிரல் நகம் கறுத்தது.
பிள்ளைகள் டியூஷனில்.
கணவர் கப்பலில், சிங்கப்பூருக்கும் எதற்கோ நடுவில்.
ஜன்னலுக்கு வெளியே ஸ்தனிஸ்லாஸ்.

ஸ்தனிஸ்லாஸும் நானும் பேசி நாலு வருஷம்.
மதிலடியில் ஒன்றரை அடி மண்,
இரணியல் கோர்ட்டில் வழக்கு.
அவர் வாதி. வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம்:
வாதி வீட்டுக் கோழி,
வாதி வீட்டில் இன்று நெய்மீன்.

வாதி மதில்மேல் வலையைப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.
“என்ன சத்தம், ஒரு மணிநேரமா?” என்றார், மதிலிடம்.
“விஜாகிரி” என்றேன், நானும் மதிலிடம்.
“ஒத்தையில கழியாது.”

சுற்றிக்கொண்டு கேட் வழியாக வந்தார்.
மதிலைத் தாண்டியிருக்கலாம்,
வழக்கில் அது சிக்கல்.

அறுந்த நுனியை நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.
“இது கடலுல நிக்காது.”
இது கடலுக்குப் போவதில்லை என்றேன்.
“கடலு இங்க வருதே” என்றார், துருவைக் காட்டி.

மடியிலிருந்து தங்கூசு எடுத்து
மூன்று இழை முறுக்கி
ஒரு முடிச்சுப் போட்டார்; என் கண் அதைத் தொடரவில்லை.
நான் முழங்காலில் கதவைத் தாங்க
அவர் வில்லை இழுத்தார்.
“விடாத... விடாதீங்க.”
மரியாதை நடுவழியில் ஏறிக்கொண்டது.
“இப்ப விடுங்க.”

நின்றது.
பாதியில் விட்டால் பாதியில்,
கால்வாசியில் விட்டால் அங்கேயே.
இரண்டுபேரும் மாறிமாறித் திறந்து மூடினோம்,
தேவைக்கு மேல் நாலைந்து தடவை.

சாயா போடவா என்றேன்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றார்.
மிச்சத் தங்கூசை மேடைமேல் வைத்தார்.
“இடப்பக்கமும் ஆறு மாசத்துல போவும்.”
செருப்பை மாட்டும்போது:
“பதினாலாம் தேதி வாய்தா.”
“தெரியும்.”
“வருவீங்கல்லா?”
“வராம?”

பதினோராம் நாள் திருநெல்வேலி ஆள் கூப்பிட்டார்.
மேடம், வீட்டில் இருக்கிறீர்களா?
இல்லை, இரணியல் பஸ்ஸில் இருக்கிறேன்,
கதவு நிற்கிறது, நீங்கள் வரவேண்டாம் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

முன்சீட்டில் வாதி.
திரும்பவில்லை.
பிடரி மட்டும் லேசாக நிமிர்ந்தது.